சிறைக்குள் ஒரு விசாரணை: இங்கிலாந்துச் சிறைகளில் ஒழுங்கு நடவடிக்கையும் கைதியின் துணையுரிமையும்

நீதிமன்றம் தண்டனை வழங்கிச் சிறைக்கு அனுப்பிய பிறகு, அந்தச் சிறைக்குள்ளேயே ஒருவர் மறுபடியும் குற்றம் சாட்டப்படலாம்; விசாரிக்கப்படலாம்; தண்டிக்கப்படலாம். அலுவலரின் கட்டளைக்குக் கீழ்ப்படியாமை, சக கைதியைத் தாக்குதல், தடை செய்யப்பட்ட பொருளை வைத்திருத்தல், சிறைச் சொத்தைச் சேதப்படுத்துதல் போன்றவை சிறை விதிகளை மீறிய செயல்கள். இவற்றை விசாரிக்கச் சிறைக்குள் நடைபெறும் நடவடிக்கையே ஒழுங்கு விசாரணை எனப்படுகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் இந்த விசாரணை கடந்த நூறாண்டுகளுக்கு மேலாக எவ்வாறு மாறி வந்தது, விசாரிக்கப்படும் கைதிக்குத் துணை நிற்க ஒருவர் வேண்டும் என்ற கருத்து எவ்வாறு உரிமையாக வளர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வெளியே ஒருவர் மீது வழக்கு வந்தால் குற்றம் சாட்டுபவர் ஒருவர், விசாரிப்பவர் வேறொருவர், தண்டனையை நிறைவேற்றுபவர் மூன்றாமவர். சிறைக்குள் இந்த மூவரும் பல காலம் ஒரே நிருவாகத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தனர். கைதி மட்டும் தனியாக நின்றார். இந்த நிலை எப்படி மாறியது என்பதே இந்த வரலாற்றின் மையம்.

தொடக்க காலம்

1877ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தால் இங்கிலாந்தின் உள்ளூர்ச் சிறைகள் எல்லாம் 1878 ஏப்ரல் முதல் அரசின் நேரடி நிருவாகத்துக்குள் வந்தன. அந்தந்தப் பகுதியின் நடுவர்களைக் கொண்ட பார்வைக் குழுக்கள் உள்ளூர்ச் சிறைகளுக்கு அமைக்கப்பட்டன. 1898ஆம் ஆண்டுச் சட்டம், நெடுந்தண்டனைக் கைதிகள் இருந்த சிறைகளுக்குப் 'பார்வையாளர் குழு' என்ற அமைப்பை ஏற்படுத்தியது. 1970களின் தொடக்கத்தில் எல்லாச் சிறைகளுக்கும் பார்வையாளர் குழு என்ற ஒரே முறை வந்தது.

இந்தக் குழுக்களுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. சிறையைச் சுற்றிப் பார்த்து, கைதிகளின் குறைகளைக் கேட்டு, அரசுக்கு அறிக்கை தருவது ஒன்று. பெரிய ஒழுங்கு மீறல்களை விசாரித்துத் தண்டனை வழங்குவது மற்றொன்று. காலையில் குறை கேட்க வந்தவரே மாலையில் தண்டனை சொல்பவராக இருந்தால், கைதி அவரிடம் மனம் திறந்து பேசுவாரா? இந்த முரண்பாடு நெடுங்காலம் அப்படியே இருந்தது.

அக்காலத் தண்டனைகளும் கடுமையானவை. சிறைக்குள் கலகம் செய்தாலோ அலுவலரைக் கொடூரமாகத் தாக்கினாலோ, உள்துறை அமைச்சரின் ஒப்புதலுடன் கசையடி கொடுக்கலாம் என்ற நிலை இருந்தது. பொது நீதிமன்றங்கள் கசையடித் தண்டனை விதிப்பது 1948இல் ஒழிக்கப்பட்ட பிறகும் சிறைகளில் அது நீடித்தது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கியது. உணவைக் குறைக்கும் தண்டனை 1974இல் கைவிடப்பட்டது.

நாள்களே தண்டனை

1952ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்படும் கைதிக்குத் தன் தரப்பை எடுத்துரைக்கத் தக்க வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்று கூறியது. அதன்கீழ் வந்த 1964ஆம் ஆண்டு விதிகள் விசாரணையை இரண்டு நிலைகளாகப் பிரித்தன. சிறிய மீறல்களைச் சிறையின் தலைவர் விசாரிப்பார். நம் நாட்டில் சிறைக் கண்காணிப்பாளர் என்று வழங்கப்படும் அப்பதவியை அங்கே கவர்னர் என்பர். பெரிய மீறல்கள் பார்வையாளர் குழுவின் முன் செல்லும்.

இரண்டு நிலைகளிலும் கைதி அஞ்சியது ஒரு தண்டனைக்கே. அக்காலத்தில் நன்னடத்தையுள்ள கைதிக்குத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. ஆறு ஆண்டுத் தண்டனை பெற்றவர் நான்கு ஆண்டுகளில் வீடு திரும்பலாம். ஒழுங்கு மீறல் நிரூபிக்கப்பட்டால் இந்தக் குறைப்பில் ஒரு பகுதி பறிக்கப்படும். கவர்னர் 28 நாள்கள் வரை பறிக்கலாம். பார்வையாளர் குழு 180 நாள்கள் வரை பறிக்கலாம். கலகம் போன்ற மிகப் பெரிய குற்றங்களுக்கு உச்ச வரம்பே இல்லை.

வெளியே ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்க வேண்டுமானால் நீதிமன்றம் கூட வேண்டும்; வழக்கறிஞர் வாதாட வேண்டும்; சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்பட வேண்டும். சிறைக்குள் அதே ஆறு மாதத்தை ஓர் அறையில், மேசைக்கு எதிரே தனியாக நிற்கும் ஒருவரிடமிருந்து சற்று நேரத்தில் எடுத்துவிட முடிந்தது. 'இது புதிய தண்டனை அல்ல. கொடுத்த சலுகையைத் திரும்பப் பெறுவதுதான்' என்பது அரசுத் தரப்பின் விளக்கம். வாயிலைக் கடக்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்த கைதிக்கும் அவர் குடும்பத்துக்கும் இந்த விளக்கத்தால் எந்த வேறுபாடும் இல்லை.

நீதிமன்றங்கள் விலகி நின்ற காலம்

1970களின் நடுப்பகுதி வரை இங்கிலாந்து நீதிமன்றங்கள் சிறை நிருவாகத்தில் தலையிட விரும்பவில்லை. 1975இல் பிரேசர் எதிர் மட்ஜ் என்ற வழக்கில், அலுவலரைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட கைதி ஒருவர் பார்வையாளர் குழுவின் முன் வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. படையிலும் கப்பலிலும் தலைமை அலுவலர் ஒழுங்கு மீறலை விசாரிக்கும்போது வழக்கறிஞரை அனுமதிக்கும் வழக்கமில்லை, இத்தகைய விசாரணை விரைவாக முடிய வேண்டும் என்பது நீதிபதி டென்னிங் பிரபு கூறிய காரணம்.

ஹல் சிறைக் கலவரம்

1976 ஆகஸ்டு 31 அன்று வடகிழக்கு இங்கிலாந்தின் ஹல் சிறையில் கலவரம் வெடித்தது. அது செப்டம்பர் 3 வரை நீடித்தது. கூரைகள் பிரிக்கப்பட்டன, கட்டடங்கள் பெருஞ்சேதம் அடைந்தன. கலவரம் அடங்கியதும் கைதிகள் பல சிறைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். அதன் பின் பார்வையாளர் குழு அவர்கள் மீதான குற்றச்சாட்டுகளை விசாரித்து, பலரின் தண்டனைக் குறைப்பைப் பெருமளவில் பறித்தது.

கலவரம் அடங்கிய பிறகு கைதிகளைத் தாக்கியதற்காகச் சிறை அலுவலர் சிலர் 1979இல் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஒரே நிகழ்வில் அலுவலர்கள் மீதான குற்றச்சாட்டு வழக்கறிஞர்களுடன் முறையான நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. கைதிகள் மீதான குற்றச்சாட்டோ சிறை அறையில் முடிந்தது.

தண்டிக்கப்பட்ட கைதிகள் சிலர் உயர் நீதிமன்றத்தை நாடினர். செயின்ட் ஜெர்மெய்ன் வழக்கு என்று இது அறியப்படுகிறது. முதல் நிலையில் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: பார்வையாளர் குழு விசாரணை நடத்தும்போது நீதி வழங்கும் வேலையைச் செய்கிறது, எனவே அதன் முடிவை உயர் நீதிமன்றம் மறுஆய்வு செய்யலாம். சிறை வாயிலோடு சட்டம் நின்றுவிடாது என்பது முதன்முறையாக உறுதியானது.

1979இல் வழக்கின் இரண்டாம் பகுதி தீர்ப்பாயிற்று. சாட்சி வேறு சிறையில் இருக்கிறார், அவரை அழைத்து வருவது சிரமம் என்ற நிருவாகக் காரணத்துக்காகக் கைதியின் சாட்சியை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. நேரில் பார்த்தவர் வராமல் மற்றவர் சொல்லும் செவிவழிச் சாட்சியத்தை ஏற்றால், அதைக் கேள்வி கேட்க நியாயமான வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றும் கூறியது. இந்த அடிப்படையில் சில தண்டனைகள் இரத்து செய்யப்பட்டன.

துணை நிற்பவர் யார்?

சாட்சியை அழைக்கும் உரிமை கிடைத்தது. ஆனால் அந்தச் சாட்சியிடம் என்ன கேட்பது என்று தெரியாத கைதி என்ன செய்வார்? எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆங்கிலம் அறியாதவர், மனநலம் குன்றியவர் எனச் சிறையில் பலர் உண்டு. இவர்களுக்குத் துணை நிற்பவர் இல்லாவிட்டால் மற்ற உரிமைகள் ஏட்டளவிலேயே இருக்கும்.

இங்கு இரண்டு வகைத் துணைகளை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். முதலாவது, கைதிக்காகப் பேசி வாதாடும் வழக்கறிஞர். இரண்டாவது, அருகில் அமர்ந்து குறிப்பெடுத்து, காதோடு ஆலோசனை சொல்லும் நண்பர். இந்த இரண்டாம் வகைத் துணைவரை இங்கிலாந்தில் 'மெக்கென்சி நண்பர்' என்பர். 1970இல் மெக்கென்சி என்ற பெயர் கொண்ட ஒரு மணவிலக்கு வழக்கில், வழக்கறிஞர் இல்லாதவருக்கு அருகிலிருந்து உதவ முயன்றவரை நீதிபதி தடுத்தார். அது தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் பெயரே துணைவருக்கும் நிலைத்தது. இந்த நண்பர் வாதாட முடியாது. ஆனால் தடுமாறுபவருக்குத் தெம்பு தர முடியும்.

1983இல் டாரன்ட் வழக்கு வந்தது. வழக்கறிஞரை அனுமதிப்பதா, நண்பரை அனுமதிப்பதா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் பார்வையாளர் குழுவுக்கு உண்டு. அந்த அதிகாரத்தை ஒவ்வொரு கைதியின் நிலையையும் பார்த்தே பயன்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அதற்காக ஆறு கேள்விகளை வகுத்தது:

1. குற்றச்சாட்டும் அதற்கான தண்டனையும் எவ்வளவு கடுமையானவை?
2. சட்டச் சிக்கல் எழ வாய்ப்புண்டா?
3. தன் தரப்பைத் தானே எடுத்துரைக்கும் திறன் இந்தக் கைதிக்கு உண்டா?
4. சாட்சிகளைச் சந்திக்கவும் வழக்கைத் தயாரிக்கவும் நடைமுறைத் தடைகள் உண்டா?
5. விசாரணை எவ்வளவு விரைவாக முடிய வேண்டும்?
6. கைதிகளிடையேயும், கைதிக்கும் அலுவலருக்கும் இடையேயும் சமநீதி கிடைக்க என்ன தேவை?

கலகம் போன்ற பெருங்குற்றச்சாட்டில் வழக்கறிஞரை மறுப்பது நியாயமாகாது என்றும் நீதிமன்றம் சுட்டியது. இந்த ஆறு கேள்விகளும் இன்றுவரை 'டாரன்ட் அளவுகோல்' என்ற பெயரில் பயன்பாட்டில் உள்ளன.

ஸ்ட்ராஸ்பர்க் சொன்ன தீர்ப்பு

ஹல் கலவரம் நடந்த அதே 1976 செப்டம்பரில் ஆல்பனி சிறையில் ஆறு கைதிகள் அமர்ந்து போராடினர். மோதல் மூண்டது. அவர்களுள் ஒருவருக்குப் பார்வையாளர் குழு 570 நாள் தண்டனைக் குறைப்பைப் பறித்தது. வழக்கறிஞர் உதவி எதுவும் அவருக்கு இல்லை. இந்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1984 ஜூன் 28 அன்று காம்ப்பெல், பெல் வழக்கில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இவ்வளவு கடுமையான விளைவுடைய விசாரணையை வெறும் ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்ல முடியாது, அது குற்ற வழக்குக்கு நிகரானது, எனவே விசாரணைக்கு முன்பும் விசாரணையின்போதும் வழக்கறிஞர் உதவி கிடைத்திருக்க வேண்டும்.

இருப்பினும் பாதை நேராகச் செல்லவில்லை. 1988இல் வட அயர்லாந்தின் மேஸ் சிறை தொடர்பான ஹோன் வழக்கில், எல்லா ஒழுங்கு விசாரணைகளிலும் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கைதியின் இயல்பான உரிமை அல்ல என்று பிரபுக்கள் சபை கூறியது. அதே ஆண்டு லீச் வழக்கில், கவர்னர் நடத்தும் சிறிய விசாரணைகளும் நீதிமன்ற மறுஆய்வுக்கு உட்பட்டவையே என்று அதே சபை தீர்ப்பளித்தது. ஒரு கதவு பாதி மூட, மற்றொரு கதவு திறந்தது.

ஸ்ட்ரேஞ்ச்வேய்சும் அதன் பின்னும்

1990 ஏப்ரல் முதல் நாள் மான்செஸ்டர் நகரின் ஸ்ட்ரேஞ்ச்வேய்ஸ் சிறையில் தொடங்கிய கலவரம் 25 நாள்கள் நீடித்தது. அதை ஆராய்ந்த நீதிபதி உல்ஃப் 1991இல் அறிக்கை அளித்தார். சிறையில் பாதுகாப்பும் கட்டுப்பாடும் மட்டும் போதா. நீதியும் இருந்தால்தான் அமைதி நிலைக்கும் என்பது அதன் சாரம். பார்வையாளர் குழு தண்டனை வழங்குவதைக் கைவிட்டுக் கண்காணிப்பை மட்டும் செய்ய வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 1992 ஏப்ரலில் அக்குழுக்கள் தண்டிக்கும் அதிகாரத்தை இழந்தன. நூற்றாண்டுக் கால முரண்பாடு தீர்ந்தது. 2003இல் அவை 'சுதந்திரக் கண்காணிப்புக் குழுக்கள்' என்று பெயர் மாறின.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. 1991ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் பழைய தண்டனைக் குறைப்பு முறையை நீக்கி, 'கூடுதல் நாள்கள்' என்ற முறையைக் கொண்டு வந்தது. ஒழுங்கு மீறினால் விடுதலை நாள் தள்ளிப் போகும். இந்த அதிகாரம் கவர்னரிடம் சென்றது. முதலில் 28 நாள்கள், பின்னர் 42 நாள்கள் வரை. பார்வையாளர் குழுவினர் ஓரளவாவது வெளியாள்கள். கவர்னரோ குற்றம் சாட்டும் அலுவலரின் மேலதிகாரி.

எசே, கானர்ஸ் என்ற இருவரின் வழக்கு இதை உடைத்தது. ஒருவருக்கு மிரட்டல் குற்றத்துக்காக 40 கூடுதல் நாள்கள். மற்றவர் உடற்பயிற்சி முற்றத்தில் ஓடும்போது அலுவலர் மீது மோதியதாகச் சாட்டப்பட்டார்; அவருக்கு 7 கூடுதல் நாள்கள். இருவரும் வழக்கறிஞர் கேட்டனர், இருவருக்கும் மறுக்கப்பட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2002 ஜூலையிலும், அதன் பேரமர்வு 2003 அக்டோபர் 9 அன்றும் கைதிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. ஏழு நாள் என்றாலும் அது சுதந்திரத்தை இழக்கும் நாள்தான். அதைக் கூட்டுவது தண்டனையே. தண்டனைக்கு முன் வழக்கறிஞர் உதவி வேண்டும் என்பதே தீர்ப்பின் பொருள்.

2002 ஆகஸ்டில் விதிகள் மாற்றப்பட்டன. கூடுதல் நாள் விதிக்கும் அதிகாரம் கவர்னரிடமிருந்து எடுக்கப்பட்டு, வெளியிலிருந்து சிறைக்கு வரும் 'சுதந்திர விசாரணையாளர்' எனப்படும் மாவட்ட நீதிபதியிடம் அளிக்கப்பட்டது. அவர் முன் கைதி கேட்டால் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய நடைமுறை

1999ஆம் ஆண்டுச் சிறை விதிகளும் அவற்றின் திருத்தங்களும் இன்றைய நடைமுறையை வகுக்கின்றன. அதன் படிகள் வருமாறு:

குற்றச்சாட்டு: மீறல் தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள், விதிவிலக்கான சூழல் தவிர, குற்றம் சாட்டப்பட வேண்டும். என்ன குற்றம் என்று எழுத்தில் விசாரணைக்கு முன்பே கைதியிடம் தர வேண்டும்.

முதல் விசாரணை: விடுமுறை நாள் தவிர, பொதுவாக மறுநாளே கவர்னர் முன் விசாரணை தொடங்கும். குற்றச்சாட்டு புரிந்ததா, தயாராக நேரம் கிடைத்ததா, சட்ட உதவி வேண்டுமா, சாட்சிகள் உண்டா என்று கைதியிடம் கேட்கப்படும். வழக்கறிஞரின் ஆலோசனை பெற விரும்பினால் விசாரணையை ஒத்திவைக்கலாம். வழக்கறிஞரையோ நண்பரையோ உடன் அனுமதிக்கக் கேட்டால், டாரன்ட் அளவுகோலின்படி ஆராய்ந்து, மறுத்தால் காரணம் பதிவு செய்ய வேண்டும்.

பிரித்து அனுப்புதல்: கூடுதல் நாள் விதிக்கத்தக்க அளவு கடுமையானதென்றால் சுதந்திர விசாரணையாளருக்கு அனுப்பப்படும், அவர் 28 நாள்களுக்குள் விசாரணையைத் தொடங்க வேண்டும். மிகப் பெரிய குற்றமானால் காவல் துறைக்குச் செல்லும்.

நிரூபணம்: நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். வெளியே குற்ற வழக்குகளுக்கு உள்ள அதே அளவுகோல் இது.

தண்டனை: எச்சரிக்கை, சலுகைகளை நிறுத்துதல், ஊதியத்தைப் பிடித்தல், தனியறையில் அடைத்தல் போன்றவற்றைக் கவர்னர் விதிக்கலாம். கூடுதல் நாள்கள் விதிப்பது சுதந்திர விசாரணையாளருக்கு மட்டுமே உரியது.

மறுஆய்வு: சுதந்திர விசாரணையாளர் விதித்த தண்டனையை மறுஆய்வு செய்யக் கைதி 14 நாள்களுக்குள் கேட்கலாம். கவர்னரின் முடிவைப் பற்றிச் சிறைத் துறையிடமும், பின்னர்ச் சிறைக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். உயர் நீதிமன்ற மறுஆய்வு எப்போதும் உண்டு.

விசாரிப்பவர் நடுநிலையாளராக இருப்பதும் இதில் அடங்கும். 2005இல் அல்-ஹசன் வழக்கில், ஒரு கட்டளை பிறப்பிக்கப்பட்டபோது உடனிருந்த துணைக் கவர்னரே, அதற்குக் கீழ்ப்படியாத கைதியை விசாரித்திருந்தார். அவர் மனத்தில் பாகுபாடு இருந்ததோ இல்லையோ, பார்ப்பவருக்கு அப்படித் தோன்ற இடமிருக்கிறது என்று கூறிப் பிரபுக்கள் சபை அந்தத் தண்டனையை இரத்து செய்தது.

இந்தியாவுடன் ஒரு தொடர்பு

இங்கிலாந்தின் ஆட்சியாளர்கள் இந்தியாவுக்கு இயற்றிய 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமும் இதே கருத்தோட்டத்தில் பிறந்ததே. அதன் 45ஆம் பிரிவு சிறைக் குற்றங்களைப் பட்டியலிட்டது. 46ஆம் பிரிவு அவற்றை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தைச் சிறைக் கண்காணிப்பாளருக்கு அளித்தது. முப்பது கசையடி வரை அத்தண்டனைப் பட்டியலில் இருந்தது.

இந்திய உச்ச நீதிமன்றம் இதை வேறு வழியில் அணுகியது. திகார் சிறையில் சக கைதி ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டதைப் பற்றி ஒரு கைதி எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. சுனில் பத்ரா எதிர் தில்லி நிருவாகம் என்ற அந்த இரண்டாம் வழக்கில், 1979 டிசம்பரில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். தனிமைச் சிறை, சலுகை மறுப்பு போன்ற தண்டனைகள் அமர்வு நீதிபதியின் பரிசீலனை இன்றி விதிக்கப்படக் கூடாது. அவசர நிலையாயின் இரண்டு நாள்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றங்கள் நியமிக்கும் வழக்கறிஞர்கள் கைதிகளைச் சந்தித்துத் தனியே பேச வசதி தர வேண்டும் என்பன அதன் கட்டளைகளுள் சில. இங்கிலாந்து நீதிபதியைச் சிறைக்குள் அழைத்து வந்ததற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே இந்தியா சிறையின் முடிவை நீதிபதியிடம் அனுப்பச் சொல்லிவிட்டது.

2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளுள் 41ஆம் விதி இதை உலகுக்கே பொதுவாக்கியது. குற்றச்சாட்டைக் கைதிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். தயாராக நேரம் தர வேண்டும். கடுமையான குற்றச்சாட்டானால், நீதியின் நலன் வேண்டும் இடத்தில், சட்ட உதவியுடன் தன்னைத் தற்காத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். மொழி தெரியாதவருக்குக் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும்.

முடிவுரை

சிறையில் ஒழுங்கு வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஒழுங்கில்லாத சிறையில் முதலில் துன்பப்படுபவர் எளிய கைதியே. அந்த ஒழுங்கைக் காக்கும் முறையிலும் ஒழுங்கு இருக்க வேண்டும் என்பதைத்தான் ஹல் முதல் எசே வழக்கு வரையிலான வரலாறு காட்டுகிறது. இம்மாற்றங்கள் பெரும்பாலும் ஆட்சியாளர் தாமாக மனமுவந்து செய்தவை அல்ல. சிறைக் கொட்டடியிலிருந்து மனு எழுதியவர்களும், அம்மனுவை எடுத்து வாதாடியவர்களும், அதைச் செவிமடுத்த நீதிபதிகளும் ஒவ்வொன்றாகப் பெற்றவை. ஏழு நாள்களுக்காக ஒரு வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்தின் படிகளில் ஏறியது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். அந்த ஏழு நாள்களையும் உள்ளே கழிக்க வேண்டியவருக்கு அதில் வியப்பு ஏதுமில்லை.